குடோன் கதவின் உள்தாழ்ப்பாள்

சிஸ்டர்,

நாலு நாளைக்கு முன்பு குடோன் கதவைக் கழற்றினோம். அடிப்பக்கம் செல்லரித்துவிட்டது. உட்பக்கத்தில் முழங்கால் உயரத்தில் துருப்பிடித்துக் கிடந்த தாழ்ப்பாளை ஆசாரி தட்டிப் பார்த்துச் சிரித்தார். "குடோனுக்கு வெளியதானே பூட்டு. உள்ளேருந்து யாரு தாழ் போடுவா, மூட்டையா?" என்றார். அதைப் போட்ட நாளில் நானும் உங்களிடம் இதையேதான் கேட்டேன்.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறதென்று போன வாரம்தான் தெரிந்தது. துக்கம் கேட்க வர முடியவில்லை. அதற்குப் பதில் இந்தக் கடிதம்.

குடமுருட்டி ஆற்றின் கரை உடைந்த ஐப்பசி அது. குறுவை அறுப்பில் கூலித் தகராறு முற்றி, நிலக்காரர்களும் வேலைக்காரர்களும் முகம் பார்க்காமல் இருந்த சமயம். வெள்ளத்துக்கு அந்த வழக்கெல்லாம் தெரியாது. தெருக்காரர்களும் சேரிக்காரர்களும் ஒரே பள்ளிக்கூடத்தில் வந்து ஒதுங்கினார்கள். பூதலூர் ரோடு முழுகிக் கிடந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் தண்ணீர் ஏறாத இடம் என் ஜவுளி குடோன் ஒன்றுதான். சைக்கிளில் துணி மூட்டை கட்டி ஊர் ஊராக விற்றுக் கட்டிய கட்டடம்.

ஊர் நர்ஸாக இருந்த நீங்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து, ஈரப் புடவையோடு கடைப்படியில் நின்றீர்கள். பள்ளிக்கூடத்துக் கூடத்துக்குக் கதவே இல்லை என்றீர்கள். ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். மாதவிலக்காகித் தூரமானவர்கள் இரண்டு நாளாக உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. நடவுக்காரி அஞ்சலைக்கு நாள் நெருங்கிவிட்டது. அத்தனை ஆண்கள் நடுவில் அவள் எங்கே பெறுவாள், பெண்களுக்குக் குடோனைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டீர்கள்.

நான் மாட்டேன் என்றேன். மறைக்க என்ன இருக்கிறது, குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்து புதிது. ஒரு குடும்பத்தை உள்ளே விட்டால் கிளப்ப முடியாது என்று பயந்தேன்.

நீங்கள் கோபப்படவில்லை. "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் முதலாளி. எனக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பா போட்டுக் குடுங்க, போதும்."

"பூட்டு இருக்கையில தாழ்ப்பா எதுக்கு சிஸ்டர்?"

"பூட்டு உங்க சரக்குக்கு. தாழ்ப்பா அவங்களுக்கு. உக்காந்தபடியே எட்டணும். வலி எடுத்தவ எந்திரிச்சு நிக்கமாட்டா."

எதையும் இரண்டு தடவை யோசிக்கிற நான், அன்று உடனே அப்போதிருந்த ஆசாரியைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

துணியும் கேட்டீர்கள். ஒரு பேல் காடாத் துணியைப் பிரித்துக் கிழித்து அனுப்பிவிட்டுப் பெருமையாக இருந்தேன். ஒரு பெண்கூடத் தொடவில்லை. நிலக்காரர் வீட்டு மருமகள் ஒருத்தி, "நாங்க இன்னும் உசுரோடதான் இருக்கோம்னு சொல்லுங்க சிஸ்டர்" என்றாளாம். மஞ்சள் படாத வெள்ளைக் காடா பிணத்துக்குப் போடுகிற கோடித் துணி. காடா கேட்டு யார் வந்தாலும் 'நல்லதுக்கா, கெட்டதுக்கா?' என்று கேட்டுவிட்டுக் கிழிக்கிற வியாபாரி நான். இனாம் கொடுக்கும்போது அந்தக் கேள்வி எனக்கு மறந்துபோயிற்று. நீங்கள் என்னைத் திட்டவில்லை. அண்டாவில் மஞ்சளைக் கரைத்து அத்தனையையும் கொதிக்கவிட்டு, குடோனுக்குள் கயிறு கட்டிக் காயப்போட்டீர்கள். அதற்குப் பிறகு ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

மறுநாள் மதியம் அஞ்சலைக்கு வலி கண்டது. உள்ளே தாழ் விழுந்த சத்தம் கேட்டது. அவள் புருஷன் என் பக்கத்தில் நின்று துண்டை முறுக்கிக்கொண்டிருந்தான். வெகுநேரம் சத்தமே இல்லை. பொறுக்காமல், கையில் சாவியோடு, என் கதவை நானே தள்ளினேன். திறக்கவில்லை.

"யாரா இருந்தாலும் வெளியில நில்லுங்க" என்று உள்ளிருந்து உங்கள் குரல் வந்தது. அவன் என்னைப் பார்த்தான். அந்த நிலைமையிலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பெண் குழந்தை. தாய்க்கு உதிரம் நிற்காமல் நீங்கள் போராடியதைப் பிறகுதான் சொன்னீர்கள். அது நிற்கும்வரை அவளைத் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தவள், என் காடாவைக் கேலி செய்த அதே மருமகள். வெளியே அவள் மாமனாரும் அஞ்சலை புருஷனும் அன்றைக்கும் பேசிக்கொள்ளவில்லை.

தண்ணீர் வடியத் தொடங்கியபோது சுகாதார மேலிடத்திலிருந்து ஒருவர் நோட்டோடு படகில் வந்தார். பெண்கள் மொத்தமாக ஒரே இடத்தில் இருக்கிறார்கள், கருத்தடை ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்றார். குடோனுக்குள் கேட்டவர்களுக்கெல்லாம் கருத்தடை மாத்திரையும் ஆணுறையும் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொன்னவர் நீங்கள். அவரிடம் மட்டும் முடியாது என்றீர்கள். "வீடு போய்ச் சேரட்டும் சார். அப்பறமும் வேணும்னு சொல்றவளை நானே கூட்டிட்டு வரேன். போக எடமில்லாதவ சொல்ற சரி, சரி இல்ல சார்."

தை மாதம் உங்களை வேறு ஊருக்கு மாற்றினார்கள். எதனால் என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

என் குடோனில் ஒருத்திகூடத் தங்கிவிடவில்லை. பெருக்கி, வாசலில் கோலம் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கோலத்தை மிதிக்காமல் தாண்டிப் போய்த்தான் பூட்டினேன். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை, இப்போது சொல்கிறேன்.

ஷட்டர் போட்டால் செலவும் குறைவு, செல்லும் அரிக்காது என்றார் ஆசாரி. கணக்குப்படி அவர் சொன்னதுதான் சரி. நான் மரக்கதவுதான் வேண்டுமென்றேன். தாழ்ப்பாள் எந்த உயரத்தில் என்று கேட்டார். பழைய இடத்தைக் காட்டினேன்.

இன்று சாயங்காலம் புதுக்கதவை மாட்டி முடித்து அவர் போனதும், கதவைச் சாத்திவிட்டு, இந்த வயதில் முட்டி வலிக்கத் தரையில் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தேன்.

எட்டுகிறது, சிஸ்டர்.