நீலக் கிண்ணத்து ஊறுகாய்

21.4.94, வியாழன். ஷார்ஜா.

தூக்கம் வரவில்லை. கீழ் ஃபிளாட்டில் இருந்த இத்தாலிக்காரம்மா ஊருக்குப் போகும்போது எனக்கு ஒரு நீலப் பீங்கான் கிண்ணம் கொடுத்தார். அவருடைய அம்மா அறுபதுகளில் வாங்கியதாம். வெளிப்பக்கமெல்லாம் குட்டிக் குட்டி முத்திரை குத்தியிருக்கும். அதில்தான் எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருந்தேன். இன்று பீங்கான் கடைக்காரரின் மனைவி, காயல்பட்டினத்து நபீசா அக்கா (அவர்கள் ஊர் வழக்கப்படி லாத்தா என்றுதான் கூப்பிடுவேன்) வந்தவர் அதைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"என்ன புள்ள, இது அலமாரியில அழகுக்கு வைக்கிறதாச்சே! இந்தப் பழைய பூச்சுல காரீயம் இருக்கும். புளிப்பு பட்டா அந்த விஷம் சாப்பாட்டுல இறங்கிரும்."

ஊறுகாயை வழித்துப் பார்த்தேன். அது பட்ட இடமெல்லாம் நீலம் மங்கிச் சொரசொரவென்று இருந்தது. மகள் மீனு ஒரு மாதமாக வயிற்றுவலி என்று அழுகிறாள்.

வீட்டுக்காரர் டியூட்டி முடிந்து வந்ததும் சொன்னேன். அவர் காலண்டரைப் பார்த்தார்.

"நாளைக்கு வெள்ளி, கிளினிக் லீவு. சனிக்கிழமை அவளுக்கு ரத்தம் எடுத்துப் பாத்துரலாம். நீ பயப்படாத."

மீனுவைவிட நான்தான் அதிகம் சாப்பிட்டேன். இந்த மாதம் வாய் புளிப்பையே கேட்டது. நாள் தள்ளிப் போயிருப்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சந்தோஷமாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். இப்போதே எழுப்பிச் சொல்ல வேண்டும். பக்கத்தில்தான் படுத்திருக்கிறார். கை போகமாட்டேன் என்கிறது.