மணிக்கோபுரத்தைப் பற்றிய பக்கம்

புதுச்சத்திரம்
4.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பிரபா எழுதுவது. நான் சுகம், அம்மா சுகமில்லை. போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள், அதனால் கடிதம்.

வெள்ளக்கரடு மறைமாவட்ட வரலாற்றை நீங்கள்தான் தொகுக்கிறீர்கள். முதல் ஓலைக்கொட்டகைக் கோயிலில் தொடங்கிப் பேராலயம் வரை வந்துவிட்டீர்களாம். 1991இல் மணிக்கோபுரம் கட்டியதைச் சொல்லும் பக்கத்தில், பழைய குறிப்பேட்டில் உள்ளபடியே, "கொத்தனார் சூசை குடிபோதையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார்" என்று போடப்போகிறீர்களாமே. அது நம் அப்பா, அண்ணா.

அயோத்தியாப்பட்டணம் போய், அன்று அப்பாவோடு வேலைசெய்த மாரியப்பனைப் பார்த்தேன். "உங்கப்பா அன்னிக்குக் குடிக்கலம்மா. சாரக்கயிறு இத்துப்போச்சுன்னு சொன்னாரு. திருவிழாவுக்குள்ள முடிக்கணும், ஏறுன்னுட்டாரு சாமியாரு" என்றார். எழுதித் தரக் கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே போய்விட்டார்.

அம்மா இனிப் பிழைக்கமாட்டாள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். "எஞ்சாமி அந்த வரிய எடுத்துருவானா?" என்று தினமும் கேட்கிறாள்.

தங்கை,
பிரபா

ஆயர் இல்லம், வெள்ளக்கரடு
12.6.2025

அன்புத் தங்கைக்கு,

ஆண்டவர் உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும்.

அன்று கட்டட வேலையை நடத்திய ஞானப்பிரகாசம் அடிகளைப் போய்ப் பார்த்தேன். ஃபேர்லேண்ட்ஸில், முதிய குருக்கள் இல்லத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறார். நான் வாய் திறக்குமுன், பாவமன்னிப்பு வேண்டித் தம் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். அதில் என்ன சொன்னார், என்ன சொல்லவில்லை என்று நான் செத்தாலும் வெளியிடக் கூடாது. என்னைக் குருமடத்தில் சேர்த்துப் படிக்கவைத்தவரும் அவர்தான்.

வரலாற்றுப் புத்தகக் குழுவினர் ஆதாரம் கேட்கிறார்கள். குறிப்பேட்டை மறுக்க ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. மாதக் கடைசியில் புத்தகம் அச்சுக்குப் போகிறது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

அண்ணன்,
சின்னராஜ்

புதுச்சத்திரம்
17.6.2025

அண்ணா,

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது எனக்கு வேண்டாம். அதற்கு வெளியே உங்களுக்கு எதுவுமே தெரியாதா? அப்போது எனக்கு மூன்று வயது, அப்பா முகம்கூட நினைவில்லை. உங்களுக்கு ஒன்பது.

முப்பத்துநாலு வருடமாக அம்மா பேராலயத்துக்குள் கால் வைக்கவில்லை. நேற்றிலிருந்து மருந்தும் வேண்டாம் என்கிறாள். உங்கள் காலில் விழுகிறேன், தெரிந்ததை எழுதுங்கள்.

பிரபா

வெள்ளக்கரடு
23.6.2025

பிரபா,

தெரியும். அன்று மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனது நான்தான். மடியில் உட்காரவைத்து எனக்கும் ஊட்டினார். வாயில் வெங்காய வாசம் தவிர வேறு எதுவும் இல்லை. பிறகு சாரம் ஏறினார். கயிறு அறுந்ததைக் கீழே நின்று பார்த்தேன்.

சாயங்காலம் சாமியார் என்னை அறைக்குள் கூப்பிட்டார். "பாத்தத யாருகிட்டயும் சொல்லாத கண்ணு. உன்ன நான் படிக்க வெக்கிறேன்" என்றார். தலையாட்டினேன். வளர்ந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். பயம்.

எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டுக் குழுவிடம் கொடுத்துவிட்டேன். "சாரக்கயிறு அறுந்து உயிரிழந்தார்" என்றே அச்சாகிறது. தொகுப்பு வேலையிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். சனிக்கிழமை வருகிறேன். அம்மாவுக்கு இதைப் படித்துக்காட்டு.

சின்னராஜ்

புதுச்சத்திரம்
26.6.2025

அண்ணா,

படித்துக்காட்டினேன். "அவம் பாத்தானா? மறுக்காப் படி" என்றாள். மறுபடியும் படித்தேன்.

"உங்கப்பா குடிச்சிருந்தாராடான்னு அவங்கிட்ட எத்தன தடவ கேட்டிருப்பேன்" என்றாள்.

இன்று காலையில், "அவன ஊட்டுக்கு வர வேண்டாம்னு எழுதிப்போடு. என்ன அடக்கம் பண்ண வேற சாமியாரக் கூப்புடு" என்றாள்.

நாமக்கல் சாமியாரைக் கேட்டேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பிரபா