நின்ற இடத்தை வெட்ட வேண்டாம்

அன்பு மகன் சாவியோவுக்கு,

ராயபுரத்திலிருந்து அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் பாப்பாவும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஜெபம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மூட்டுவலிதான் விடுவதாக இல்லை. போனில் பேசாமல் என்ன கடிதம் என்று நினைப்பாய். ஜெரி அண்ணன் பேச்சை எடுத்தாலே நான் போனை அம்மா கையில் கொடுத்துவிடுகிறேன், நீயும் அப்புறம் பேசறேன்பா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். சவுண்ட் சர்வீஸ் பஷீரின் மகள் ஹஃப்சா மேல்படிப்புக்கு டொரோண்டோ வருகிறாள், அவள் கையில் இதையும் ஒரு பென் டிரைவையும் கொஞ்சம் சென்னாக்குன்னி இறால் பொடியும் கொடுத்து அனுப்புகிறேன்.

அண்ணன் கடைசியாக நம் கோயில் ஹாலில் பியானோ வாசித்ததைப் பற்றி நீ கேள்விப்பட்டாயே தவிர ஒரு நிமிஷம்கூடக் கேட்டதில்லை. உன் விசா புதுப்பிக்கப் போயிருந்த நேரம் அது, வர முடியாமல் போனதற்கு உன்னை யாரும் குறை சொல்லவில்லை, நீயே சொல்லிக்கொள்ளாதே. வியன்னாவிலிருந்து அவன் ரத்தப் புற்றோடு திரும்பி வந்து, ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்துகொண்டிருந்த நாளில், எங்கெங்கேயோ வாசிச்சுட்டேன், நம்ம ஜனங்க முன்னாடி ஒரு தடவை வாசிக்கணும்பா என்று கேட்டான். வாடகைக்கு எடுத்த பியானோவை என்னோடு ஹார்பரில் வேலை பார்த்தவர்கள்தான் வந்து இறக்கி வைத்தார்கள். புழுக்கம் தாங்காமல் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்திருந்தோம், கன்டெய்னர் லாரிச் சத்தம் உள்ளே வந்தது. மீன் விற்கும் சொக்கம்மாள் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அப்படியே வந்து உட்கார்ந்தாள். இடைவேளையில் என்னைப் பிடித்துக்கொண்டு, இன்னா யேசுதாஸு, உம்புள்ள வாசிக்கசொல்ல கடலு உள்வாங்கிக்கினு போறா மாதிரி கீது, திரும்பி வருமோ வராதோன்னு பாத்துக்கினே குந்திக்கிறேம்பா என்றாள். எத்தனையோ பத்திரிகைக்காரர்கள் அவனைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள், எனக்கு இதுதான் மனதில் நின்றது.

கடைசி உருப்படியில்தான் அது நடந்தது. மருந்தின் வேகத்தில் அவன் விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிருந்தது, நடுவில் வலது கை நின்றுவிட்டது. இடது கையும் நின்றது. பிறகு எப்படியோ திரும்ப ஆரம்பித்து முடித்தான். அதற்கப்புறம் அவன் பியானோ பக்கம் போகவே இல்லை, ஈஸ்டருக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

பஷீர் அன்றைக்குப் பதிவு செய்ததைத்தான் வியன்னாக் கம்பெனிக்காரர்கள் இசைத்தட்டாகப் போட வேண்டும் என்றார்கள். நின்ற இடத்தை வெட்டி ஒட்டி ஒன்று, வெட்டாமல் ஒன்று, இரண்டையும் அனுப்பி, குடும்பத்தார் முடிவு என்று விட்டுவிட்டார்கள். நீ உடனே, வெட்டிரச் சொல்லுப்பா, எங்கண்ணன் தடுமாறுனத ஊரே கேக்கணுமா என்றாய். நீ சொன்னதில் எனக்கும் நியாயம் தெரிந்தது. அவன் பழைய ஒலிப்பதிவுகளை நான் எவ்வளவு கேட்டிருப்பேன். அந்தச் சங்கீதத்தின் இலக்கணம் எனக்குத் தெரியாது, ஆனால் முதல் தட்டில் அவன் கை பறப்பதும், அடுத்ததில் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு அது தானாக அடங்கும்வரை அவன் காத்திருப்பதும் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவனை நின்றுபோனவனாக உலகத்துக்குக் காட்டுவானேன் என்றுதான் நினைத்தேன்.

அண்ணன் இறந்த நாளிலிருந்து உன் அம்மா அவன் வாசிப்பு எதையும் கேட்பதில்லை. நான் போட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள், நானும் வற்புறுத்துவதில்லை. போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, வெட்டிய பதிவைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த இடம் வந்தது, ஒட்டியது தெரியவே தெரியாமல் ஆறு மாதிரி ஓடிப் போய்விட்டது. அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள். எங்க அது, அவன் நின்னானே, அது எங்க என்றாள். வெட்டிவிட்டார்கள், சாவியோவும் அதைத்தான் சொல்கிறான் என்றேன். அங்க நான் பேசுனேனே, அதையுமா வெட்டிட்டாங்க என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைக்கு நான் பின்னால் கதவருகே நின்றிருந்தேன், அவள் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அதுவரை கேட்கத் துணியாமல் வைத்திருந்த வெட்டாத பதிவை உடனே போட்டேன். கை நிற்கிறது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. யாரோ இருமுகிறார்கள். அப்புறம் மெதுவாக உன் அம்மா குரல், அவசரமில்ல கண்ணு, அப்டியே உக்காரு, நாங்க எங்க போவப் போறோம் என்கிறது. உன் அண்ணன் சிரிக்கிறான் சாவியோ. சின்னதாக, மூக்கால் சிரிப்பானே அந்தச் சிரிப்பு. பிறகு இடது கையால் மட்டும் ஆரம்பிக்கிறான், கொஞ்ச நேரம் கழித்து வலது கை அதன் பக்கத்தில் வந்து சேர்கிறது. முன்பைவிட மெதுவாகத்தான் வாசிக்கிறான். பழைய தட்டு ஒன்றிலும் அவன் இப்படி வாசித்ததில்லை. அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாம எங்கயும் போவல, அவன்தான் பூட்டான் என்று சொல்லி, புதைத்த அன்று அழாத அழுகையெல்லாம் அழுதாள். அழுது ஓய்ந்ததும், இன்னொரு தபா போடுங்க என்றாள். மீன் அப்படியே கிடந்தது, அன்றைக்கு ரசத்தோடு சாப்பிட்டோம்.

வெட்ட வேண்டாம் என்று கம்பெனிக்கு எழுதிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்ததற்கு அப்பாமேல் கோபம் வேண்டாம். நீ அந்த ஹாலில் இல்லை, அதனால் உனக்கு அது தடுமாற்றமாகத் தெரிகிறது. பென் டிரைவில் இருப்பது முழுசு. தனியாக உட்கார்ந்து கேட்காதே, மருமகளைப் பக்கத்தில் வைத்துக்கொள், பாப்பாவும் மடியில் இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. அந்தோணியார் உங்களை நடத்துவார். உங்கள் மூன்று பேருக்கும் நெற்றியில் சிலுவை போட்டு அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்று மட்டும் மறக்காதே, சத்தம் நின்றதும் முடிந்துவிட்டது என்று அணைத்துவிடாதே. கொஞ்சம் பொறு, அண்ணன் திரும்ப ஆரம்பிப்பான்.

இப்படிக்கு,
உன் அப்பா
யேசுதாஸ்