மூடிமேல் வைக்க வேண்டிய கோபம்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், மூட்டுவலியும் என்னைவிட்டுப் பிரியாமல் நலமாகவே இருக்கிறது. அங்கே எல்லோரும் நலமா என்று கேட்கத்தான் ஆசை, ஆனால் இல்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய மருந்துப் பாட்டில் மூடிகளில் நாலாவதும் எனக்குத் திறக்க வரவில்லை என்று போனில் சொன்னேன். விரல் மடங்காத கிழவிகளுக்கென்று உன் ஆபீஸில் நீ வரைந்த மூடி, அதில் கிழவி பொய்யா சொல்வாள்? “மூடில ஒண்ணும் இல்லம்மா, உன் கைதான் சரியில்ல” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். நான் மறக்கிற ஆளா, நான் தைத்த திரைச்சீலையைப் பார்த்து உன் அத்தை சாக்குப்பையா என்று கேட்டாளே, அன்று அவள் குடையில் ஒரு கம்பி ஒடிந்திருந்ததுகூட நினைவிருக்கிறது. வரைந்ததையெல்லாம் கிழித்துப் போட்டாயாம், சாப்பிடக் கூப்பிட்டால் வள்ளென்று விழுகிறாயாம், மாப்பிள்ளை சொன்னார். அதுகூடப் போகட்டும். நேற்று குட்டி அவர் போனில் என்னைக் கூப்பிட்டாள். நீ ஆபீஸிலிருந்து வருகிற சத்தம் கேட்டாலே தான் வரைந்த தாளையெல்லாம் மெத்தைக்கடியில் ஒளித்துவிடுகிறாளாம். ஏன்டி என்றேன். “பாட்டி, என் கையும் சரியில்லையா?” என்றாள். இல்லடா கண்ணு என்றேன், நம்பவில்லை. நான் சொல்லி என்ன, நீ சொல்ல வேண்டியது அது.

எனக்கு உன் வேலை தெரியாது, கோபம் தெரியும். இத்தனை வருஷமாக உன் அத்தைமேல் வைத்திருக்கிற கோபத்தில் ஒரு சொட்டாவது உன்மேல் சிந்தியிருக்கிறேனா? மூடி சரியாக வரவில்லையென்றால் மூடியைத் திட்டு, தெருவிலேயே திட்டி முடித்துவிட்டு வீட்டுக்குள் வா. கிழிக்கத் தோன்றினால் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துவிடு. சின்ன வயசில் பொம்மைக்குத் தைத்த தொப்பி சேரவில்லையென்று பொம்மையின் தலையைப் பிய்த்தவள் நீ, மறுநாள் அந்தத் தலையைத் தேடி அழுததும் நீதான். மெத்தையை மட்டும் நீயாகத் தூக்காதே, நான் சொன்னதாகவும் காட்டிக்கொள்ளாதே. அவள் பக்கத்தில் தரையில் உட்கார், அவளாக எடுத்து வந்து காட்டும்வரை உட்கார்.

நீங்கள் மூன்று பேரும் நிறைவாக நீண்டு வாழ வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. ஐந்தாவது மூடியை அனுப்ப மறக்காதே, பாட்டிலைத் திறந்து தருகிற பக்கத்து வீட்டுக்காரர் உங்க மகளுக்கு என்ன வேலை என்று தினமும் கேட்கிறார், அவர்மேலும் ஒரு கோபம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சரியில்லாத கையால் எழுதும்
உன் அம்மா