கோழிக்கு வாங்கும் அரிசி

வெள்ளகோவில்,
26.10.2003, ஞாயிறு

அன்புள்ள தமிழ்மதிக் கண்ணுக்கு,

இந்த ராத்திரி நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள், கையெழுத்து கோழி கிளறியது போல்தான் இருக்கும். இங்கே நானும் உங்கப்பாவும் மாடும் சுகம். நீ எப்படி இருக்கிறாய், தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா. சென்னையில் மழை என்று டிவியில் காட்டினார்கள், உன்னை நினைத்து ஒரு பக்கம் பயம், அந்த மழையில் பாதியை இந்தப் பக்கம் தள்ளிவிட்டால் என்ன என்று ஒரு பக்கம் பொறாமை. ஹாஸ்டல் சோறு வாடை அடிக்கிறது, தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அரிசியைச் சுடுதண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டு அலசி, வெந்ததும் கஞ்சியைச் சுத்தமாக வடித்துவிட்டால் வாடை பாதி போய்விடும் என்று உங்கள் மெஸ் அம்மாவிடம் சொல்லிப் பார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

கிணற்றுத் தண்ணீர் முழுக்க உப்பாகிவிட்டது. ஆற்றில் வருகிற சாயத் தண்ணீர் ஊறி ஊறி இப்போது வாயில் வைக்க முடியவில்லை, நீ போகும்போது காய்த்துக்கொண்டிருந்த கத்தரியும் கருகிப் போனது. ஒரு தூறலை நம்பி மேட்டுக்காட்டில் சோளம் போட்டோம், களையெடுக்க ஆள் இல்லை. முத்தாயி முதற்கொண்டு எல்லோரும் விடிவதற்குள் பனியன் கம்பெனி வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, வேன் டிரைவர் என்னைப் பார்த்து ஏனுங்க, நீங்களும் வர்றீங்களா என்று கேட்டபோது நானே ஒரு நிமிஷம் நின்று யோசித்தேன். பால் முழுக்க சொசைட்டிக்குப் போய்விடுகிறது, எங்களுக்கு வரக்காப்பி. நான் கல்லூரியில் வரைந்த சரிவிகித உணவுப் படம் இன்னும் சுவரில்தான் தொங்குகிறது, பால், முட்டை, கீரை, பருப்பு என்று கலர் பென்சிலில் எவ்வளவு அழகாகத் தீட்டியிருக்கிறேன் தெரியுமா. அதைப் பார்த்துக்கொண்டே ரேஷன் அரிசிச் சோறும் பருப்பில்லாத ரசமும் சாப்பிடுகிறோம். மனையியலில் முதல் வகுப்பு வாங்கியவள் வீட்டுச் சாப்பாடு இது.

நம் தோட்டத்துக்காரர்கள் யாரும் ரேஷன் அரிசியைத் தங்களுக்கென்று வாங்குவதில்லை, உனக்கே தெரியும். பையோடு யாராவது பார்த்துவிட்டால் கோழிக்குங்க என்போம், மாட்டுக்குக் காய்ச்சி ஊத்தறதுக்குங்க என்போம். நானும் முன்னே நிஜமாகவே கோழிக்குத்தான் போட்டேன். ஆடியில் கழிச்சல் வந்து கோழியெல்லாம் போய்ச் சேர்ந்தன, நான் மட்டும் விடாமல் கோழிக்கு அரிசி வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்து ஞானாம்பாள் அக்கா பேரனுக்கு ரெண்டு முட்டை குடு சாமி என்று கேட்டு வந்தார்கள். இன்னும் முட்டைக்கு வரலீங்க என்று கூசாமல் சொன்னேன். அவர்கள் பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உங்கூட்டுக் கோழி நல்லாத்தான் திங்குது, முட்டைதான் போடமாட்டேங்குது என்று போய்விட்டார்கள்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போன வாரம் கார்டு சரிபார்க்க ஒரு ஆபீசர் வீடு வீடாக வந்தார். நம் வாசலில் நின்று, அரிசி வாங்கறீங்களே, யாருக்கு என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் கோழிக்குங்க என்று வாய் சொல்லிவிட்டது, அதுவும் படித்தவள் என்ற தோரணையோடு. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார், வாசலில் ஓர் இறகுகூட இல்லை. அப்ப உங்களுக்கு அரிசி வேண்டாம்னு எழுதிக்கறேங்க, சர்க்கரை கார்டா மாத்திரலாம் என்று குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்நேரம் உள்ளே அடுப்பில் அந்த அரிசிதான் கொதித்துக்கொண்டிருந்தது, வாடை வாசல்வரை வந்தது, அவருக்கு ஜலதோஷம் போல. கூப்பிட்டுத் திருத்தியிருக்கலாம், கௌரவம் பார்த்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அரிசி நின்றால் வெளிக்கடையில் வாங்க வேண்டும், அதற்கு மாட்டை விற்க வேண்டும், மாடு போனால் உன் ஹாஸ்டலுக்குப் பணம் அனுப்புவது நின்றுவிடும். இதையெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போட்டுடைத்துவிட்டேன். இன்றைக்கு ரேஷன் கடை மருதாசலத்திடம் போய்க் கேட்டேன், ஆபீசர் நாளைக்குக் காத்தால பள்ளிக்கூடத்துல உக்காருவாருங்கக்கா, நேர்ல வந்து சொன்னா மாத்துவாரு, ஆனா எல்லாரும் இருக்கறப்பதான் கேப்பாரு என்றான். உங்கப்பாவோ, மானம் போயிரும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதே சோற்றை இன்னொரு கரண்டி போடச் சொல்லிச் சாப்பிட்டார். நான் சாயங்காலம் மாட்டிடம் சொல்லிப் பழகினேன், நாங்கதானுங்க சாப்பிடறோம் என்று. இரண்டு தரம் சரியாக வந்தது, மூன்றாம் தரம் மறுபடியும் கோழி என்று வந்துவிட்டது. மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நாளைக்கு நான் வாயைத் திறந்தால் மதியத்துக்குள் பேச்சு பல்லடம் தாண்டிவிடும். உன்னோடு படித்த தேஜஸ்ரீயின் அம்மாவும் அந்த வரிசையில்தான் நிற்பாள். ஊர் சொல்லி நீ கேட்கக் கூடாது, அதுதான் இன்றைக்கே எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் வார்டன் பக்கத்தில் நிற்பார், நானும் பாதியில் அழுதுவிடுவேன்.

இந்த வரி எழுதும்போது, தூங்கிவிட்டார் என்று நினைத்த உங்கப்பா கட்டிலிலிருந்து, பையை நான் எடுத்துட்டு வர்றேன், பேசறதை நீ பேசிக்கோ என்றார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் அந்த ரேஷன் பையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. சரிங்க என்று மட்டும் சொன்னேன். இனி நாளைக்கு வாய் தவறாது என்று நினைக்கிறேன்.

நாட்ராயன் சாமி உனக்குத் துணையிருந்து நல்ல படிப்பும் உடம்பில் தெம்பும் கொடுக்கட்டும். சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்திருக்காதே, வாடையடித்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாப்பிடு. லீவுக்கு வரும்போது இங்கேயும் அதே அரிசிதான், நன்றாக வடித்துப் போடுகிறேன். உனக்கு இதில் வெட்கமாக இருக்கிறதா, இல்லையா என்று உள்ளதை உள்ளபடி இரண்டு வரி எழுது. சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
சித்ரகலா