நாலாம் எண் வயலின் மண்

சின்னவளுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்றுதான் நினைக்கிறேன், அப்படியே இரு. இங்கே உன் அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, நானும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். முறைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இனி வயிற்றெரிச்சலைக் கொட்டப்போகிறேன், உட்கார்ந்து படி.

போன வருஷ விடுமுறைக்கு வந்தபோது பீன்ஸ் வயலில் பத்து இடத்தில் தோண்டி மண்ணைச் சின்னச் சின்ன பாட்டிலில் அடைத்தாயே, எதற்கடி என்று கேட்டால், எருவால மண்ணுல எவ்வளவு சத்து ஏறியிருக்குன்னு பார்க்கத்தாம்மா என்றாய். நானும் மண்வெட்டியைக் கழுவிக் கழுவிக் கொடுத்தேன், ஏமாளி. போன வாரம் விவசாயிகள் கூட்டத்தில் வேளாண் அலுவலகத்து அம்மாள் ஒருத்தி உங்கள் ஆய்வுக்கூடத்து அறிக்கையை மைக்கில் வாசித்தாள். நாலாம் எண் வயல், கோழிப்பண்ணையை ஒட்டிய பீன்ஸ் வயல், கோழிக்குக் கொடுத்த மருந்து எருவோடு வந்து மண்ணில் தங்கிவிட்டது, மண்ணை உயிரோடு வைத்திருக்கும் நுண்ணுயிர்களில் பாதிக்கு மேல் இல்லை, மிச்சத்தில் பல அந்த மருந்துக்கே பழகிப்போனவை என்று. பெயர் போடவில்லையே என்று எனக்குச் சமாதானம் சொல்லாதே. பண்ணையை ஒட்டி இங்கே எத்தனை பீன்ஸ் வயல் இருக்கிறது? நாற்பது தலை திரும்பி என்னைப் பார்த்தது, உன் அப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தையில் இருபது வருஷமாகப் பக்கத்தில் உட்காரும் தக்காளிக்காரி இப்போது கூடையை இரண்டடி தள்ளி வைக்கிறாள். பண்ணையை நடத்துகிற உன் அண்ணன், தங்கச்சியே என்னைக் காட்டிக்கொடுத்துட்டா என்று சொல்லிவிட்டுப் போனவன்தான், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

உன் மூக்கை உடைக்க வேண்டும் என்றே மறுநாள் காலையில் வயலுக்குப் போனேன். பீன்ஸ் வேரில் அந்த நுண்ணுயிர்கள் கட்டுகிற முடிச்சு கடுகு கடுகாக இருக்க வேண்டும். பதினெட்டுச் செடி பிடுங்கினேன், துவைத்த கயிறு மாதிரி வெறும் வேர்தான் வருகிறது. மோட்டார் அறைக்குப் பின்னால் எரு வண்டி திரும்ப முடியாத மூலையில் நாலு செடி நிற்கிறது, அதில் மட்டும் கொத்தாக முடிச்சு. போன வருஷம் மடக்கி உழுத கொடிகூட மக்காமல் அப்படியே வெளியே வந்தது. இரண்டு வருஷமாக இலை மஞ்சளானதற்கு விதைக்கடைக்காரரைத் தெருவில் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினேன், அந்த மனுஷன் முகத்தில் இனி எப்படி விழிப்பேன்.

இப்போது எழுதுவதை உன் அண்ணனிடம் சொல்லாதே, நானே சொல்லிக்கொள்கிறேன். அவன் நோய் வந்தால்தான் மருந்து கொடுப்பான், டப்பாவில் போட்ட கோட்டுக்கு மேல் ஒரு சிட்டிகை அளக்க மாட்டான். கோழிகள் கூட்டமாகச் செத்த அந்த மழைக்காலத்துக்குப் பிறகு, அவன் தீவனம் எடுக்கப் போகிற நாளெல்லாம், நோய் இருக்கிறதோ இல்லையோ, தண்ணீர்த் தொட்டியில் ஒரு கை மருந்துத் தூளைப் போட்டது நான். பயம்டி, வேறென்ன. எருவைக் குவித்து மக்க விடச் சொன்னதும் அவன், பயிருக்கு அவசரம் என்று பச்சையாகவே வாரி இறைத்தது நான். ஆக அந்த அம்மாள் மைக்கில் வாசித்தது என்னைத்தான், சரியாகத்தான் வாசித்தாள். அதனால் என் கோபம் தணிந்தது என்று நினைக்காதே, கூடித்தான் இருக்கிறது. முடிவு உன் கைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது, அறிக்கையில் தேதி இருக்கிறது. அன்றைக்கே ஒரு போன் போட்டு, அம்மா நம்ம மண்ணு செத்துக்கிட்டு இருக்கு என்று சொல்லியிருந்தால் உன் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்? அந்த ஏழு மாதத்தில் இன்னும் பதினோரு வண்டி எரு அடித்தேனடி அந்த மண்ணில்.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, உன் படிப்பு நாலு பேருக்கு உதவட்டும். கோபத்தோடுதான் சொல்கிறேன், ஆனாலும் மனசாரச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. எது செத்தது என்று பக்கம் பக்கமாக எழுதினாய், அது எப்போது திரும்பி வரும் என்று ஒரு வரி இல்லை. எரு போடுவதை நிறுத்திவிட்டேன். எத்தனை வருஷம் என்று எழுது. என் ஆறுதலுக்காகக் குறைத்து எழுதாதே. எனக்கு அறுபத்தாறு முடிகிறது, மிச்சத்தை நானே கூட்டிக் கழித்துக்கொள்கிறேன்.

உன்னோடு பேச்சை இன்னும் முறித்துக்கொள்ளாத,
அம்மா