நாற்பது கேள்விகளில் பதினேழு தப்பு

ஒடெஸா, டெக்சஸ்
ஏப்ரல் 12, சனிக்கிழமை, காலை 9.40. மாதிரித் தேர்வில் கேள்விகள் நாற்பது. என் தப்பு பதினேழு. வியாழன் மாலை அதையே போனில் வாசித்துக் காட்டியபோது உன் தப்பு மூன்று.

அன்பு டெல்லா,

நான் சுகம். உன் இருமல் நின்றிருக்கும், அம்மாவும் சௌக்கியம் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் உடனே எழுது. இந்தத் தேர்வு எதற்கென்று உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. நான் படித்தது இன்ஜினியரிங். எட்டு வருஷம் எண்ணெய் வயலில் பிரஷர் மீட்டர் பழுது பார்த்தவன். வேறு பட்டம் வைத்திருப்பவர்களும் ஆசிரியராக இங்கே ஒரு மாற்று வழி உண்டு: தற்காலிகச் சான்றிதழோடு பகலில் வகுப்பெடுத்துக்கொண்டே மாலையில் பயிற்சிக்குப் போகலாம். அப்படித்தான் ஆகஸ்ட் முதல் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். கணக்குத் தேர்வில் சுலபமாகத் தேறினேன், பிள்ளைகளை நடத்தும் முறை பற்றிய தேர்வில் ஜனவரியில் கோட்டை விட்டேன். மே 3 மறுபடி. அதுவும் போனால் வேலை போகும், திரும்ப எண்ணெய் வயல்தான், அங்கே கோடை விடுமுறை கிடையாது. ஜூன், ஜூலை உன்னோடு இருக்கத்தான் இந்த வேலைக்கே வந்தேன்.

ஒரு மாணவன் கணக்கைத் தப்பாகப் போட்டால் ஆசிரியர் முதலில் என்ன செய்யவேண்டும் என்ற கேள்விக்கு, சரியான வழியை உடனே காட்டவேண்டும் என்று நான் குறித்திருந்தேன். வால்வு கசிந்தால் மூடுவோம், அதனிடம் அபிப்பிராயமா கேட்போம்? நீயோ, “எப்டி வந்துச்சுன்னு அவன்கிட்டயே கேக்கணும்ப்பா” என்றாய். உனக்கு எப்படித் தெரியும் என்றதற்கு, “எங்கள யாரும் கேக்கறதே இல்லயே, அதான்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாய். எனக்கு அது குடைந்துகொண்டே இருந்தது. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நேற்று வகுப்புக்குப் போனேன். எஃப்ரைன் என்ற பையன் பலகையில் அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதினான். அழித்துத் திருத்தக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டு எப்படி வந்தது என்று கேட்டேன். “பாஸ்கெட்பால் மேட்ச்ல மொத பாதியில ரெண்டு ஷாட் போட்டேன் சார், ஒண்ணு விழுந்துச்சு. அடுத்த பாதியில மூணு, ஒண்ணு விழுந்துச்சு. மொத்தம் அஞ்சுக்கு ரெண்டு. எங்க கோச் அப்டித்தான் எழுதுவாரு, அவருகிட்டப் போயி தப்புன்னு சொல்லுங்க பாப்போம்” என்றான். “சார் மாட்டிக்கிட்டாரு!” என்று ஒரே கூச்சல். பின்வரிசைப் பெண் ஒருத்தி, “நெஜ டீச்சரா இருந்தா பதில் சொல்லியிருப்பாரு” என்றாள். எனக்குக் கோபமே வரவில்லை. பாஸ்கெட்பாலுக்கு அவன் கணக்கு சரி! ஒரே பீட்சாவில் அரையும் மூன்றில் ஒன்றும் எடுத்தால்தான் உதைக்கிறது, ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவு, கூட்டினால் எப்படிக் குறையும்? எங்கே சரி, எங்கே தப்பு என்று வகுப்பு முழுக்க அடித்துக்கொண்டோம். மணி அடித்த பிறகும் இரண்டு பேர் நின்று வாதாடினார்கள், இதுவரை நடக்காத அதிசயம். இப்படி எத்தனை யோசனைகளைக் கேட்காமலே அழித்திருப்பேனோ, தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

மாலையில் என் தப்புகளை மறுபடி பார்த்தேன். பெரும்பாலும் ஒரே கோளாறு: கேட்காமலே முடிவு செய்தது. உடனே இன்னொன்று உறைத்தது. கோடைக்கு நீ இங்கே வருவாய் என்று ஒரு அறைக்குப் பெயின்ட் அடித்துவிட்டேன், நீச்சல் வகுப்பில் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன், நீ வர விரும்புகிறாயா என்று கேட்டேனா? “மொதல்ல அவகிட்ட கேளு” என்று உன் அம்மா சொன்னபோதுகூட, இதில் கேட்க என்ன இருக்கிறது என்றேன்.

நீங்கள் இருக்கும் டூலூத்தில் இன்னும் பனி என்கிறார்கள், கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை போடு, காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதே. உடம்பிலும் மனசிலும் ஒரு குறையுமில்லாமல் நீ வளரவேண்டும். இனி நான் செய்யப்போவது:

1. திங்களன்று நிஜமாகவே ஒரு பீட்சாவோடு வகுப்புக்குப் போவேன். எஃப்ரைன்தான் வெட்டவேண்டும்.
2. மே 3 தேர்வு எழுதுவேன்.
3. நீச்சல் வகுப்புப் பதிவை ரத்து செய்வேன்.
4. கோடையில் எங்கே இருக்க உனக்கு ஆசை என்று கேட்பேன். கேட்டுவிட்டேன். இங்கே வேண்டாம் என்றாலும் அதையே எழுது. எப்படி அந்த முடிவுக்கு வந்தாய் என்று கேட்பேன், திருத்த மாட்டேன்.

உன் அப்பா,
டாரன்